அறுந்த முனையைத் தூக்கி எறியாதீர்கள்: தூண்டில் கேள்வி பதில்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே வருத்தத்தைத்தான் சொல்கின்றன. மீன் கொத்தியது, இழுத்தேன், நரம்பு அறுந்துவிட்டது. அதனால் இந்த இதழில் முழுக்க அதையே பேசிவிடலாம் என்று வைத்துக்கொண்டேன். தங்கூசி என்பவர்களும் உண்டு, லைன் என்பவர்களும் உண்டு. நான் பழக்கப்படி நரம்பு என்றே எழுதுகிறேன். பின்னல் நூலை மட்டும் கடையில் கேட்கிற பெயரிலேயே பிரெய்ட் என்கிறேன். நரம்புக்குப் பவுண்ட் என்று வருவதெல்லாம் அது தாங்குகிற பாரம்.

கரையைக் காக்கக் கடலுக்குள் கொட்டிய தூண்டில் வளைவுக் கற்களின் மேல் நின்று போடுகிறேன். 30 பவுண்ட் பிரெய்ட். ஒரே மாதத்தில் மூன்று தடவை பெரிய மீன் அடித்தது, மூன்று தடவையும் ஐந்தாறு நொடிக்குள் அறுத்துக்கொண்டு போய்விட்டது. கடைக்காரர் 50 பவுண்ட் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா அண்ணே?
(வாசகர், தூத்துக்குடி மாவட்டம்)

வாங்குவதற்கு முன்னால் ஒன்று சொல்லுங்கள் தம்பி. அறுந்த முனை எப்படி இருந்தது? கடிதத்தில் எல்லாம் இருக்கிறது, அது மட்டும் இல்லை. மீன் போன ஆத்திரத்தில் மிச்ச நரம்பைச் சுற்றி எடுத்து, நுனியை வெட்டி எறிந்துவிட்டு அடுத்த தூண்டில் முள்ளைக் கட்டிவிடுகிறோம். தண்ணீருக்கு அடியில் என்ன நடந்தது என்பதற்கு நம் கையில் இருக்கும் ஒரே சாட்சி அந்த முனைதான், அதைத்தான் முதலில் தொலைக்கிறோம்.

நைலான் நரம்பின் முனை பன்றிக்குட்டி வால் மாதிரி சுருண்டு வந்தால் முடிச்சு வழுக்கி அவிழ்ந்திருக்கிறது, நரம்பின் மேல் தப்பே இல்லை. கத்தியால் வெட்டினது மாதிரி நறுக்கென்று இருந்தால் பல். சீலாவாக இருக்கலாம், வஞ்சிரமாக இருக்கலாம், சத்தமே இல்லாமல் இரையைக் கொறித்துக்கொண்டிருந்த பேத்தையாகவும் இருக்கலாம். ஒரு சாண் நீளத்துக்கு நரம்பு வெளுத்துச் சொரசொரவென்று இருந்தால் கல். முனைக்கு மேலே கொஞ்ச தூரம் நரம்பு இழுபட்டு மெலிந்து இருந்தால்தான் உண்மையிலேயே பாரம் தாங்காமல் அறுந்தது என்று அர்த்தம். கடைசியாகச் சொன்ன அந்த ஒன்றுக்கு மட்டுந்தான் கனமான நரம்பு வாங்குவது மருந்து.

உங்கள் விஷயத்தில், பிரெய்ட் முனை விளக்குத் திரி மாதிரி பஞ்சு பஞ்சாகப் பிரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். கற்களில் நின்று பிரெய்ட்டை நேராக முள்ளில் கட்டிப் போட்டால் அப்படித்தான் வரும். பிரெய்ட் என்பது மெல்லிய பாலிஎத்திலீன் இழைகளை முறுக்கிப் பின்னியது. அதே தடிமன் நைலானைவிடப் பல மடங்கு பலம், நீளவே நீளாது, மீன் மூச்சு விட்டால்கூடக் கையில் தெரியும். ஆனால் விறைப்பாக இழுபட்ட நிலையில் கொட்டலசு (கல்லில் ஒட்டி வளரும் கூரிய ஓட்டுயிர்) ஒட்டிய கல்லில் ஒரு தடவை உரசினால் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து முடிந்துவிடும். 30 ஆனாலும் அறும், 50 ஆனாலும் அறும், என்ன, 50 கொஞ்சம் தாமதமாக அறும். கொட்டலசின் ஓடுகளை விரலால் தடவிப் பார்த்திருக்கிறீர்களா? வற்றத்தின்போது இறங்கி ஒரு தடவை தடவிப் பாருங்கள், ரத்தம் வராமல் கையை எடுப்பது கஷ்டம். உங்கள் நரம்பு அதில்தான் இழுபடுகிறது.

ஆகவே 30 பவுண்ட் பிரெய்ட்டையே வைத்துக்கொண்டு, அதன் நுனியில் 50, 60 பவுண்ட் நைலானோ ஃப்ளூரோகார்பன் நரம்போ லீடராக, அதாவது பிரெய்ட்டுக்கும் முள்ளுக்கும் நடுவில் வருகிற துண்டாகக் கட்டுங்கள். ஒன்றரை மீட்டருக்குக் குறையாமல் வேண்டும், கற்களில் உங்கள் ராட் (தூண்டில் கம்பு) நீளத்துக்கே இருந்தாலும் நல்லது. தடித்த ஒற்றை இழை கல்லில் தேயும், ஆனால் தேய்ந்து தேய்ந்துதான் அறும், அந்த இடைவெளிக்குள் மீனை வெளியே கொண்டுவந்துவிடலாம்.

இன்னொரு விஷயம், கற்களில் அடிக்கிற மீன் பெரும்பாலும் களவாவோ செப்பிலியோதான். பாரை போல அவை ஆழ்கடலுக்கு ஓடுகிறவை அல்ல, இரையைக் கவ்விய அடுத்த நொடியே திரும்பித் தன் பொந்துக்குப் போகிறவை. மற்ற இடத்தில் மீனை ஓட விடு என்று சொல்வேன், இங்கே மட்டும் ஓட விடாதீர்கள். டிராக்கை (மீன் இழுத்தால் நரம்பை நழுவவிடுகிற ரீலின் பிடி) வழக்கத்தைவிட இறுக்கமாக வைத்து, கொத்தியதும் ரீலை நாலைந்து சுற்று விடாமல் சுற்றி மீனின் தலையைக் கல்லிலிருந்து திருப்பிவிட வேண்டும். அந்த நாலைந்து சுற்றில் ஜெயித்தால் மீதியை நிதானமாகச் செய்யலாம். பொந்துக்குள் போயே விட்டால் முரட்டுத்தனமாக இழுக்காதீர்கள். நரம்பை முழுக்கத் தளர்த்திவிட்டு இரண்டு மூன்று நிமிஷம் சும்மா உட்காருங்கள். இழுப்பு நின்றுவிட்டது என்று நினைத்து மீன் தானாக வெளியே வருவது உண்டு, நரம்பு மெல்ல நகர ஆரம்பிக்கும்போது மறுபடி சுற்றுங்கள்.

எனக்குத் தூண்டில் பழக்கிய பெரியவர், ஒவ்வொரு மீனுக்கு அப்புறமும் முள்ளுக்கு மேலே ஒரு முழ நரம்பை எடுத்து உதடுகளுக்கு நடுவில் வைத்து மெதுவாக இழுப்பார். கடல் வேலையில் காய்த்துப்போன அவர் விரலுக்குச் சின்னக் கீறல் தெரியாது, உதட்டுக்குத் தெரியும். தலைமுடி அளவு பிசிறு தட்டினாலும் அந்த முழத்தை வெட்டிவிட்டு மறுபடி கட்டுவார். பக்கத்தில் மீன் கூட்டமாக மேய்ந்துகொண்டிருக்கும், எனக்கு உயிரே போகும், அவர் அவசரப்பட மாட்டார். அவர் நரம்பு அறுந்து நான் பார்த்தது மிகக் குறைவு. உங்களுக்கும் நான் கொடுக்கும் முதல் வேலை இதுதான், காசு செலவில்லாத வேலை.

ஒவ்வொரு தடவையும் முள்ளுக்கு மேலேயே, முடிச்சிலேயே அறுகிறது. நான் வாங்குவது மட்டமான சரக்கா? 20 பவுண்ட் என்று போட்டிருக்கிறது.
(வாசகர், சென்னை)

சரக்கு மட்டமாகவும் இருக்கலாம். ஆனால் எப்போதும் முடிச்சிலேயே அறுகிறது என்றால் முதலில் முடிச்சைத்தான் சந்தேகப்பட வேண்டும். எந்த நரம்பானாலும் முடிச்சு போட்ட இடம் மற்ற இடத்தைவிடப் பலவீனம்தான். நன்றாகப் போட்டால் கொஞ்சம் பலவீனம், மோசமாகப் போட்டால் பாதிப் பலம் போய்விடும். 20 பவுண்ட் என்றால் ஏறக்குறைய 9 கிலோ, மோசமான முடிச்சு அதை நாலரை கிலோ நரம்பாக்கிவிடும். நீங்கள் காசு கொடுத்தது ஒன்பதுக்கு.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள், நான் செய்துதான் திருந்தினேன். நரம்பைத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறப்போடுங்கள், ஏனென்றால் நைலான் தண்ணீர் குடிக்கும், குடித்தால் கொஞ்சம் பலம் குறையும், கடலில் அது ஈரமாகத்தானே இருக்கப்போகிறது. ஊறிய நரம்பின் ஒரு முனையைக் குளியலறைக் குழாயில் கட்டாமல் நல்ல உறுதியான ஜன்னல் கம்பியில் நாலு சுற்று சுற்றிக் கட்டுங்கள். மறுமுனையில் நீங்கள் வழக்கமாகப் போடுகிற முடிச்சோடு ஒரு பெரிய வளையத்தைக் கட்டி, அதில் பிளாஸ்டிக் வாளியை மாட்டி, தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் தொங்கவிட்டு, லிட்டர் லிட்டராகத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ, வாளியின் எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எத்தனையாவது லிட்டரில் வாளி விழுகிறது என்று குறித்து வையுங்கள். நான் காய்ந்தபடியே வெடுக்கென்று இறுக்கிய முடிச்சில் வாளி சீக்கிரமே விழுந்தது. அதே நரம்பு, அதே முடிச்சு, எச்சில் தொட்டு மெதுவாக இறுக்கியது வாளி நிரம்புகிற வரைக்கும் நின்றது. அன்றைக்கு வீட்டுத் தரை முழுக்கத் தண்ணீர், ஆனால் அதற்கப்புறம் நான் எச்சில் தொடாமல் ஒரு முடிச்சும் இறுக்கியது கிடையாது.

காரணம் சூடு. நரம்பு தன் மேலேயே உரசிக்கொண்டு இறுகும்போது அந்த இடம் சூடாகி நைலான் நைந்துபோகும். நக்கி ஈரமாக்கினாலோ கடல் தண்ணீரில் நனைத்தாலோ வழவழவென்று உட்காரும். இறுக்கும்போது கண்ணால் பார்த்துக்கொண்டே இறுக்குங்கள். சுற்றுகள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, ஸ்பிரிங் மாதிரி, அடுக்கி உட்கார வேண்டும், ஒரு சுற்று இன்னொன்றின் மேல் ஏறியிருந்தால் பாரம் வரும்போது மேலே இருப்பது கீழே இருப்பதை அறுக்கும். அப்படி ஏறிவிட்டால் வெட்டிவிட்டு மறுபடி போடுங்கள், பரவாயில்லை என்று விடாதீர்கள்.

எந்த முடிச்சு என்று கேட்பீர்கள். யூனி முடிச்சு ஒன்றை நன்றாகப் பழகினால் பாதிக் கவலை தீரும். நுனியை முள்ளின் காதில் விட்டு எடுத்து, நரம்போடு சேர்த்து மடக்கி ஒரு வளையம் செய்து, நுனியை அந்த வளையத்துக்குள்ளேயே இரண்டு நரம்பையும் சேர்த்து ஐந்தாறு சுற்று சுற்றி, நனைத்து இறுக்கி, பிறகு காதுவரை தள்ளி உட்காரவைக்க வேண்டும். பிரெய்ட் வழுக்கும் என்பதால் அதற்கு எட்டு சுற்று போடுங்கள், அல்லது பாலோமர் முடிச்சு போடுங்கள். நுனியை ஒட்ட வெட்டாமல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். காது இல்லாத தட்டைத்தலை முள் என்றால் நரம்பு முள்ளின் உள்பக்கமாக, அதாவது கூர் இருக்கிற பக்கமாக, வெளியே வரும்படி கட்ட வேண்டும். வெளிப்பக்கமாக வந்தால் தட்டையின் விளிம்பு ஒவ்வொரு இழுப்புக்கும் நரம்பைச் செதுக்கும். காதுள்ள முள்ளிலும் மலிவானவற்றில் வளையம் முழுசாக மூடியிருக்காது, அந்த இடுக்கில் நரம்பு சிக்கினால் எந்த முடிச்சும் உதவாது. வாங்கும்போதே வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

சீலா கடித்து ஒரு நாளில் ஆறு முள் போய்விட்டது. கம்பி போட்டால் மீன் கொத்த மாட்டேன் என்கிறது. என்னதான் செய்ய?
(வாசகர், கடலூர்)

பெயரில் குழப்பம் வரக்கூடாது. சீலா என்றால் உங்கள் பக்கத்தில் நீளமாக, நாய்ப்பல்லோடு இருக்குமே, அது. தூத்துக்குடிப் பக்கம் சீலா என்று கேட்டால் வஞ்சிரத்தைக் காட்டுவார்கள். இரண்டுக்கும் பல் உண்டு என்பதால் பதில் ஒன்றுதான். வஞ்சிரத்தின் பல் தட்டையாக, கத்தரி மாதிரி. நரம்பு எத்தனை தடிமனாக இருந்தாலும் சரியாகப் பல்லில் பட்டால் போய்விடும்.

கம்பி போடாமல் வழியில்லை, ஆனால் நீளக் கம்பி தேவையில்லை. ஒரு சாண் போதும். நீங்கள் போட்டது கனமான, பளபளக்கிற கம்பியாக இருக்கும் என்று நினைக்கிறேன். கிடைப்பதிலேயே மெல்லிய, பழுப்பு நிற ஒற்றை ஸ்டீல் கம்பியைக் கேட்டு வாங்குங்கள். அதை முடிச்சு போடக்கூடாது, முறுக்க வேண்டும். கம்பியை முள்ளின் காதில் விட்டு மடக்கி, முதலில் இரண்டு பக்கக் கம்பியும் ஒன்றையொன்று பின்னுகிற மாதிரி மூன்று நாலு முறுக்கு, அப்புறம் நுனிக்கம்பியை மட்டும் நெருக்கமாக நாலைந்து சுற்று. நுனியை வெட்டாமல் முன்னும் பின்னும் ஆட்டி ஒடித்தால் கூர் நீட்டிக்கொண்டு நிற்காது. கம்பி ஒரு இடத்தில் மடங்கிவிட்டால் அதை நிமிர்த்தித் திரும்பப் போடாதீர்கள், அந்த மடிப்பிலேயே ஒடியும்.

தண்ணீர் கலங்கியிருக்கும்போதும், விடியலிலும் மாலை மங்கலிலும் கம்பியை மீன் அவ்வளவாகப் பொருட்படுத்தாது. தெளிந்த தண்ணீரில் பட்டப்பகலில் கொத்தவே இல்லை என்றால், 60, 80 பவுண்ட் நைலானை லீடராகப் போட்டு, நீளமான தண்டுள்ள முள்ளோடு முயற்சி செய்யலாம். சில முள் போகும், அது தெரிந்துதான் செய்ய வேண்டும். இன்னொன்று, ஸ்விவலும் (நரம்பு முறுக்கேறாமல் சுழல்கிற இணைப்பு) அதன் கொக்கியும் வெள்ளி மாதிரி மின்னினால் கூட்டத்தில் இருக்கிற இன்னொரு சீலா அதையே கடிக்கும், அப்போது கம்பிக்கு மேலே அறும். கறுப்பு நிற ஸ்விவல் வாங்குங்கள்.

வள்ளத்தில் போய்ப் போடுகிறோம். பாரை அடித்து நூறு மீட்டர் ஓடிய பிறகு, மீன் கிட்டத்தட்ட களைத்த நேரத்தில் நரம்பு அறுகிறது. டிராக் எவ்வளவு வைக்க வேண்டும்? ஓட ஓட இறுக்கிக்கொண்டேதான் இருந்தேன்.
(வாசகர், பாம்பன்)

கடைசி வரியில் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். இறுக்கியதுதான் அறுத்தது.

நரம்பின் பலத்தில் நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை டிராக் வைக்கலாம். 9 கிலோ நரம்புக்கு இரண்டரை கிலோ, அதிகம் போனால் மூன்று. இதைக் கையால் இழுத்துப் பார்த்துச் சொல்ல முடியாது, பத்து பேரைக் கேட்டால் பத்து கணக்கு வரும். காய்கறி நிறுக்கிற தொங்கு தராசு ஒன்று போதும். நரம்பை ராட் வளையங்கள் வழியாக எடுத்து தராசுக் கொக்கியில் கட்டி, ஒருவர் தராசைப் பிடித்துக்கொள்ள, நீங்கள் ராடை மீன் இழுக்கும்போது வளைகிற அளவு வளைத்து, டிராக் எந்த எடையில் நழுவ ஆரம்பிக்கிறது என்று பாருங்கள்.

மிச்சப் பலம் எதற்கு என்று கேட்கலாம். அந்த மிச்சம் சும்மா இருப்பதில்லை. மீன் நரம்பை இழுத்துக்கொண்டு போகப் போக ரீலில் சுருளின் விட்டம் சுருங்குகிறது. சுருள் சிறுத்தால் அதே டிராக்கை நழுவவைக்க அதிக இழுப்பு வேண்டும். தொடக்கத்தில் விட்டம் 50 மில்லிமீட்டர், ஓடியபின் 35 என்று வைத்துக்கொண்டால், நீங்கள் இரண்டரை கிலோவில் வைத்த டிராக் இப்போது மூன்றரை கிலோவுக்கு மேல் இழுத்தால்தான் நழுவும். விட்டம் பாதியாகிவிட்டால் ஐந்து கிலோ. நீங்கள் டிராக் திருகைத் தொடாமலேயே இது நடக்கிறது. அதோடு வளையங்களின் உரசல். அதோடு தண்ணீர்: நூறு மீட்டர் நரம்பு நேர்க்கோடாக நிற்பதில்லை, பாம்பன் வாய்க்காலில் ஓடுகிற நீரோட்டத்தில் அது வில்லாக வளைந்து நிற்கிறது, அந்த வளைவைத் தண்ணீருக்குள் இழுத்துச் செல்லும் பாரமும் முள்ளுக்கு அருகில் இருக்கிற நரம்பின் மேல்தான். இத்தனைக்கும் மேலே பயத்தில் நீங்கள் திருகை இறுக்கினால் நரம்பு என்ன செய்யும்? ஆகவே மீன் தூரம் போகும்போது டிராக்கைக் கொஞ்சம் தளர்த்துங்கள். மனசு ஒப்பாது, ஆனால் தளர்த்துங்கள். கூடுதல் இழுப்பு வேண்டும் என்று தோன்றினால் திருகைத் தொடாமல் சுருளின் விளிம்பை உள்ளங்கையால் லேசாக அழுத்துங்கள், மீன் திமிறினால் அந்தக் கணமே கையை எடுத்துவிடலாம். வள்ளத்தில் இருப்பதால் உங்களுக்கு இன்னொரு வசதி உண்டு: மீன் போகிற பக்கம் வள்ளத்தை விட்டுத் தூரத்தைக் குறைக்கலாம்.

சுற்றும் விதத்தையும் பாருங்கள். ராடை மெதுவாகத் தூக்கி, தாழ்த்தும்போது மட்டும் சுற்ற வேண்டும். டிராக் நழுவிக்கொண்டிருக்கும்போது சுற்றினால் ஒரு அங்குலமும் வராது, ஸ்பின்னிங் ரீலில் நரம்பு முறுக்கேறி அடுத்த வீச்சில் சிக்கலாகும். மீன் வள்ளத்தின் அருகில் வந்தபோது ராடை வானத்தைப் பார்க்கச் செங்குத்தாகப் பிடிக்காதீர்கள், வளைவு முழுக்க நுனிக்குப் போய் ராடே ஒடியும்.

அப்புறம், டிராக் விட்டு விட்டு நழுவுகிறதா என்று கையால் இழுத்துப் பாருங்கள். உள்ளே இருக்கிற வில்லைகளில் உப்பு படிந்தால் முதல் அசைவுக்கு ஒரு வெடுக் வேண்டியிருக்கும், மீன் திடீரென்று ஓடும்போது அந்த வெடுக்கிலேயே அறும்.

கடற்கரை மணலில் நின்று வீசுகிறேன். வீசும்போதே ஈயம் தனியாகப் பறந்துவிடுகிறது. தப்பித்தவறி மீன் மாட்டினாலும் கரை அலையில் போய்விடுகிறது.
(வாசகர், காரைக்கால்)

முதலாவது ஆபத்தான விஷயம், அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அறுந்து பறக்கிற நூறு கிராம் ஈயம் யார் தலையில் பட்டாலும் உயிருக்கு ஆபத்து. கடற்கரையில் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருப்பார்கள். வீச்சின் அதிர்ச்சியைத் தாங்குவதற்குத் தடித்த நைலானைத் தனியாகக் கட்ட வேண்டும். கணக்கு எளிது: ஒவ்வொரு 28 கிராம் ஈயத்துக்கும் 10 பவுண்ட். 110 கிராம் போடுகிறீர்கள் என்றால் 40 பவுண்ட் லீடர். அதன் நீளம், வீசத் தயாராக ஈயம் தொங்கும்போது ரீலின் மேலேயே ஐந்தாறு சுற்று இருக்கிற அளவு, அதாவது ராடைப் போல இரண்டு மடங்கு. வீசும் முன் நரம்பு ராட் நுனியில் சுற்றியிருக்கிறதா, ரீலின் வளையக் கம்பி முழுக்கத் திறந்திருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். பாதி வீச்சில் அது மூடிக்கொண்டால் எந்த நரம்பும் நிற்காது. வீசி முடித்ததும் அந்தக் கம்பியைக் கையால் மூடி நரம்பை ஒரு இழு இழுத்து விறைப்பாக்கிவிட்டுச் சுற்றுங்கள், தொளதொளவென்று ஏறிய பிரெய்ட்தான் அடுத்த வீச்சில் முடிச்சாகக் கிளம்பும்.

கரை அலைக்கு வருவோம். தண்ணீருக்குள் இருக்கிற நாலு கிலோ மீனைத் தண்ணீர் தாங்குகிறது, நரம்புக்குத் தெரிவது அதன் நீச்சல் பலம் மட்டும். அலை வடியும்போது மீன் மணலில் தரைதட்டும், அப்போது முழு எடையும், வடிகிற தண்ணீரின் இழுப்பும் சேர்ந்து நரம்பில் விழும். அந்த நேரத்தில் பின்னால் நடந்து இழுக்கிறவர்கள்தான் இழக்கிறார்கள். அலை வடியும்போது நீங்களும் மீனோடு நாலு அடி முன்னால் போங்கள், டிராக் நழுவட்டும். அடுத்த அலை வரும்போது அதுவே மீனைத் தூக்கி வரும், அந்த வேகத்தோடு சுற்றிக்கொண்டே பின்னால் வந்து மேட்டில் ஏற்றிவிடுங்கள். ஒரு அலை தவறினால் இன்னொரு அலை வரும்.

ஃப்ளூரோகார்பன் அவ்வளவு விலை. உண்மையிலேயே தேவையா?
(வாசகர், புதுச்சேரி)

ரீல் முழுக்க நிரப்பத் தேவையே இல்லை. லீடருக்கு மட்டும் சின்ன உருளை ஒன்று வாங்கினால் ஒரு பருவம் வரும். தண்ணீர் குடிக்காது, தண்ணீரில் கண்ணுக்குக் குறைவாகத் தெரியும், கல் உரசலை நைலானைவிட நன்றாகத் தாங்கும். விறைப்பாக இருப்பதால் முடிச்சைப் பொறுமையாக, நன்றாக நனைத்து இறுக்க வேண்டும். கலங்கிய தண்ணீரில் கெளுத்தி பிடிக்கப் போகிறவர் நைலானே போடலாம்.

எத்தனை நாளைக்கு ஒரு தடவை நரம்பை மாற்ற வேண்டும்?
(வாசகர், நாகப்பட்டினம்)

நாள் கணக்கு சொல்ல முடியாது. நைலானைக் கெடுப்பது வெயில். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலும் மொட்டைமாடியிலும் கிடக்கிற நரம்பு ஒரு மீனும் பிடிக்காமலேயே கிழடாகிவிடும். நிறம் மங்கி, விட்டால் ரீல் வடிவத்திலேயே சுருண்டு நின்று, நகத்தால் கீறினால் சொரசொரத்தால் மாற்றிவிடுங்கள். அடிக்கடி போகிறவர் வருஷத்துக்கு ஒரு தடவையாவது நைலானை மாற்றுவது நல்லது. பிரெய்ட் அதிக நாள் வரும், நுனி தேய்ந்தபின் அதை அப்படியே இன்னொரு ரீலுக்கு மாற்றிச் சுற்றினால் அடியில் வெயிலே படாமல் இருந்த பகுதி மேலே வந்துவிடும்.

ஒவ்வொரு நாளும் வந்தவுடன் டிராக்கை இறுக்கி வைத்து, குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டு ரீலை அலசுங்கள், பீய்ச்சி அடித்தால் உப்பு உள்ளே போகும். காய்ந்தபின் டிராக்கை முழுக்கத் தளர்த்தி வையுங்கள். அலசும்போதே ராட் வளையங்களுக்குள் கொஞ்சம் பஞ்சை விட்டுச் சுற்றிப் பாருங்கள். எங்காவது பஞ்சு மாட்டினால் அந்த வளையத்தில் விரிசல். நல்ல நரம்பை வாரா வாரம் இழந்துவிட்டு, காரணம் தெரியாமல் கடையை மாற்றிக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும், நுனி வளையத்தில் முடி அளவு விரிசல், அவ்வளவுதான்.

ராட் எல்லாம் கிடையாது, கைத்தூண்டில்தான். சூரை அடித்தால் கையும் போகிறது, நரம்பும் போகிறது.
(வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்)

தூத்தூர்ப் பக்கத்து ஆட்கள் சுறாவையே தூண்டிலில் தேடி ஆழ்கடலுக்குப் போகிற மாவட்டம் உங்களுடையது, நான் சொல்லித் தெரிய வேண்டியது கொஞ்சம்தான். கைத்தூண்டிலில் உங்கள் விரல்தான் டிராக். பழைய சைக்கிள் டியூபில் இரண்டு விரல் அகலம் வெட்டி ஆள்காட்டி விரலில் மாட்டிக்கொண்டால் நரம்பைச் சீராக நழுவவிடலாம். சூடு தாங்காமல் திடீரென்று விட்டு, திடீரென்று பிடிப்பதில்தான் பெரும்பாலும் அறுகிறது. கையில் மட்டும் நரம்பைச் சுற்றவே கூடாது. விரலை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வந்த நரம்பைக் காலடியில் விடாமல் கூடையில் விழ விடுங்கள்.

வள்ளத்தின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். ஃபைபர் பெயர்ந்த இடம் அரம் மாதிரி இருக்கும், மீன் அடியில் பாயும்போது நரம்பு அதில்தான் உரசுகிறது. அந்த இடத்துக்கு மேல் டியூபையே பிளந்து ஒட்டிவிடுங்கள். தாய் நரம்பு தடிமனாகவும் முள்ளுக்கு மேலே இரண்டு பாகம் (இரு கைகளையும் விரித்த நீளம் ஒரு பாகம்) கொஞ்சம் மெல்லியதாகவும் இருக்கட்டும், அறுந்தால் முள்ளோடு போகட்டும்.

ஏதோ பெரிய மீன் மாட்டி, கல் மாதிரி தரையில் உட்கார்ந்துகொண்டு வரவே மாட்டேன் என்கிறது. இழுத்தால் அறுகிறது. பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) மாட்டியதா மீனா என்றே தெரியவில்லை.
(வாசகர், ராமநாதபுரம் மாவட்டம்)

முதலில் ஓடி, அப்புறம் உட்கார்ந்தது என்றால் பெரும்பாலும் திருக்கை. உடம்பைத் தரையோடு அப்பிக்கொள்ளும், நேராக இழுத்தால் நரம்புதான் தோற்கும். விறைப்பு குறையாமல் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் பத்திருபது அடி நடந்துபோய் வேறு கோணத்தில் இழுத்துப் பாருங்கள். அசையவில்லை என்றால் விறைத்த நரம்பை வீணைத் தந்தி மாதிரி விரலால் சுண்டிக்கொண்டே இருங்கள். அந்த அதிர்வு பொறுக்காமல் கிளம்பும், கிளம்பிய அந்த நொடியில் தரையிலிருந்து தூக்கிவிட வேண்டும், மறுபடி உட்கார விடக்கூடாது. கரைக்கு வந்தால் வாலுக்குப் பக்கத்தில் போகாதீர்கள், வாலில் இருக்கிற முள் விஷமுள்ளது. உங்களுக்கு வேண்டாத திருக்கை என்றால் தூண்டில் முள்ளைக் கழற்றப் போராடாமல் வாய்க்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் நரம்பை வெட்டி விட்டுவிடுங்கள்.

அசைவே இல்லாமல் முதலிலிருந்தே கல் மாதிரி இருந்தால் பாரில் மாட்டியிருக்கிறது. ராடை வளைத்து வெடுக் வெடுக்கென்று இழுக்காதீர்கள். ராடை நேராகத் தண்ணீரைப் பார்க்க நீட்டி, நரம்பை ஒரு கட்டையில் சுற்றிப் பிடித்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு பின்னால் நடங்கள். லீடர் முடிச்சிலேயே அறுந்தால் தண்ணீரில் மிச்சமாவது ஒரு பாகந்தான். வள்ளத்தில் இருந்தால் மாட்டிய இடத்துக்கு மறுபக்கம் போய் இழுத்தால் பல தடவை முழுசாகவே வந்துவிடும். மன்னார் வளைகுடாவில் இந்தப் பார்களைச் சுற்றிக் கடலாமையும் மேய்கிறது, ஐம்பது மீட்டர் நரம்பை அங்கே விட்டுவிட்டு வந்தால் அது துடுப்பில் சுற்றிக்கொண்டு மூச்சு வாங்க மேலே வர முடியாமல் போய்விடும். ஆமையே முள்ளில் மாட்டியிருந்தால் நரம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள், ஓட்டின் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி, வெளியே தெரிகிற முள்ளை வெட்டி எடுத்து, விழுங்கியிருந்தால் வாய் ஓரத்தில் நரம்பை ஒட்ட வெட்டி, மெதுவாகத் தண்ணீரில் இறக்கிவிடுங்கள். வெட்டிய துண்டுகளைச் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டு வாருங்கள்.